1911இல் பூனையின் கால் நடந்தது. மனிதன் எழுந்து நிற்க ஏன் நூறு வருஷம் ஆச்சு?

1/
கொஞ்சம் நீளமான இழை இது. ஒரு டீ போட்டுக்கிட்டு நிதானமா உட்கார்ந்து படிங்க.

பைக் விபத்து. பனை மரத்திலிருந்து விழுந்தது. கட்டட வேலையில் சாரம் சரிந்தது. ஆழம் தெரியாத கிணற்றில் தலைகுப்புறக் குதித்தது. இப்படி முதுகெலும்பு உடைந்து வரும் நோயாளிகளின் வீட்டார் எங்களிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்று தான்.

"சார், ஏதோ ஊசி போட்டா தண்டுவடம் திரும்ப வளந்துடுமாமே? நிலத்தை வித்தாவது போட்டுடலாமா?"

பதில் ஒரு வார்த்தை தான். அதை கடைசியில் சொல்கிறேன். ஆனால் அந்தப் பதிலை நீங்கள் நம்ப வேண்டுமென்றால், இந்தத் துறையில் உண்மையான முன்னேற்றம் எப்படி வந்தது, யார் யார் சேர்ந்தபோது வந்தது என்று தெரியணும். அதுதான் இந்தக் கதை.

2/
முதலில் அடிப்படை.

தண்டுவடம் என்பது மூளையின் அடியிலிருந்து முதுகெலும்புக்குள் இறங்கும் நரம்புக் கற்றை. நம்ம சுண்டுவிரல் அளவுக்குத் தான் பருமன். மூளையின் கட்டளை இதன் வழியாகக் கீழே போகிறது. தொடு உணர்வு, வலி, சூடு எல்லாம் இதன் வழியாக மேலே வருகிறது.

கழுத்துப் பகுதியில் அடிபட்டால் கை, கால் நான்கும் பாதிக்கப்படும். முதுகுப் பகுதியில் அடிபட்டால் கால்கள். கூடவே சிறுநீர், மலம், பாலியல் செயல்பாடு, ரத்த அழுத்தம் எல்லாமே தடுமாறும்.

கையில் உள்ள நரம்பு அறுந்தால் ஓரளவு திரும்ப வளரும். தண்டுவடத்தில் அறுந்தது அப்படி வளர்வதில்லை. இது இன்றுவரை உண்மை.

அதனால் பலரும் "கேபிள் அறுந்துடுச்சு, அவ்வளவுதான்" என்று நினைக்கிறார்கள். டாக்டர்களும் ரொம்ப காலம் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் தண்டுவடம் வெறும் கேபிள் இல்லை என்று ஒருவர் 1911லேயே நிரூபித்துவிட்டார். அவரிடம் வருவோம்.

3/
அதற்கு முன் இன்னும் பின்னால் போகணும்.

எகிப்தில் கிடைத்த எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் சுமார் 3600 வருடம் பழமையான மருத்துவச் சுவடி. அதில் கழுத்தெலும்பு விலகிய ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்பு உண்டு. கை, கால் உணர்வு இல்லை. சிறுநீர் தன்னால் சொட்டுகிறது. இன்றைக்கு கேஸ் ஷீட்டில் நாங்கள் எழுதுவதும் கிட்டத்தட்ட இதே தான்! முடிவாக அந்த மருத்துவர் எழுதியது: இது சிகிச்சை அளிக்கக் கூடாத நோய்.

முதல் உலகப் போர் வரை நிலைமை பெரிதாக மாறவில்லை. தண்டுவடத்தில் குண்டடிபட்ட வீரர்களில் பெரும்பாலோர் சீக்கிரமே இறந்தார்கள். கால் செயலிழந்ததால் யாரும் சாகவில்லை. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் தான் கொன்றன.

4/
இதை மாற்றியவர் லுட்விக் குட்மன். ஜெர்மனியைச் சேர்ந்த யூத நரம்பியல் மருத்துவர். நாஜிக்களிடமிருந்து தப்பி 1939இல் இங்கிலாந்துக்கு வந்தவர். 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயத்துக்கென்றே ஒரு பிரிவை ஆரம்பித்தார்.

புது மருந்து ஏதும் அவரிடம் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கணும். சிறுநீர்ப் பையைச் சுத்தமாகப் பார்த்துக்கணும். படுக்கையிலேயே கிடக்க விடாமல் உட்கார வைக்கணும், வேலை கொடுக்கணும், விளையாட வைக்கணும். அவ்வளவுதான்.

1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், அங்கே வீல்சேரில் இருந்த 16 பேருக்கு வில்வித்தைப் போட்டி நடத்தினார். இன்றைய பாராலிம்பிக்கின் விதை அது.

சாக வேண்டியவர்கள் பல்லாண்டு வாழ ஆரம்பித்தார்கள். மருத்துவத்தின் மிகப்பெரிய வெற்றிகளில் ஒன்று இது. ஆனால் அவர்களின் கால்? அது அப்படியே தான் இருந்தது.

5/
இப்போது இன்னொரு அறைக்குள் போவோம். நோயாளி இல்லாத அறை. ஆய்வகம்.

இங்கிலாந்தில் சார்லஸ் ஷெரிங்டன் என்ற மாபெரும் நரம்பியல் விஞ்ஞானி. 1932இல் நோபல் பரிசு வாங்கியவர். தண்டுவடத்தின் அனிச்சைச் செயல்களை வருடக்கணக்கில் ஆராய்ந்தார். நடை என்பது காலிலிருந்து வரும் உணர்வுக்கு தண்டுவடம் கொடுக்கும் பதில்களின் சங்கிலி என்பது அந்தக் காலத்துக் கருத்து.

லிவர்பூலில் அவரோடு தொடர்பில் இருந்த இளம் ஆராய்ச்சியாளர் தாமஸ் கிரஹாம் பிரவுன். இவருக்கு ஒரு சந்தேகம். காலிலிருந்து உணர்வே வராவிட்டால் நடை நின்றுவிடுமா?

6/
பூனையின் தண்டுவடத்தை மூளையோடு தொடர்பில்லாதபடி துண்டித்தார். காலிலிருந்து உணர்வைக் கொண்டு வரும் நரம்புகளையும் துண்டித்தார். மேலிருந்து கட்டளை கிடையாது. கீழிருந்து தகவலும் கிடையாது.

அப்படியும் கால் தசைகள் மாறி மாறி இயங்கின. மடக்கு, நீட்டு, மடக்கு, நீட்டு. நடையின் தாளம் அப்படியே இருந்தது!

அதாவது நடையின் தாளத்தைப் போடும் நரம்பு வலைப்பின்னல் தண்டுவடத்துக்குள்ளேயே இருக்கிறது. மேளக்காரர் மூளையில் இல்லை, முதுகுக்குள் உட்கார்ந்திருக்கிறார். மூளை "ஆரம்பி", "வேகமா", "நிறுத்து" என்று சைகை காட்டினால் போதும்.

அப்படியென்றால் அடிபட்ட மனிதனுக்கு, காயத்துக்குக் கீழே அந்த மேளக்காரர் உயிரோடு தானே இருக்கணும்? சைகை வராததால் சும்மா உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதானே?

7/
இந்தக் கேள்வியை 1911லேயே யாராவது ஒரு மருத்துவர் கேட்டிருக்கணும். பல பத்தாண்டுகளுக்கு யாரும் அதைப் பின்தொடரவில்லை.

காரணம் யோசித்துப் பாருங்க. அன்றைக்கு நோயாளிகள் உயிரோடு இருப்பதே கடினம். நடையை யார் யோசிப்பார்கள்? "அது பூனை சார், நாலு கால். மனுஷன் வேற" என்ற எண்ணம் வேறு. எல்லாவற்றுக்கும் மேல், பூனையைப் பார்ப்பவர் நோயாளியைப் பார்ப்பதில்லை. நோயாளியைப் பார்ப்பவர் பூனையைப் பற்றிய கட்டுரையைப் படிப்பதில்லை. இரண்டு அறைக்கும் நடுவே கதவே இல்லை.

சக விஞ்ஞானிகளே கிரஹாம் பிரவுனின் கண்டுபிடிப்பை மறந்துவிட்டார்கள். 1960களில் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் எல்ஸ்பியெட்டா யான்கோவ்ஸ்கா, ஆண்டர்ஸ் லுண்ட்பெர்க் குழுவினர் மறுபடி கையில் எடுத்த பிறகு தான் அது உயிர்பெற்றது.

8/
1980கள். கனடாவின் மான்ட்ரியலில் ஹியூக் பார்போ, செர்ஜ் ரொசிஞோல். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் ரெஜி எட்ஜர்டன். தண்டுவடம் முழுவதும் துண்டிக்கப்பட்ட, வளர்ந்த பூனைகளை ட்ரெட்மில்லில் தாங்கிப் பிடித்து தினமும் பயிற்சி கொடுத்தார்கள். வாரங்கள், மாதங்கள் போனபின் பின்னங்கால்கள் எடையைத் தாங்கி நடந்தன.

எட்ஜர்டன் குழு இன்னொன்றும் கவனித்தது. நிற்க மட்டும் பயிற்சி கொடுத்த பூனை நன்றாக நின்றது, நடக்கத் தடுமாறியது. நடக்கப் பயிற்சி கொடுத்தது நடந்தது.

இதன் அர்த்தம் புரியுதா? மூளையோடு தொடர்பே இல்லாத தண்டுவடமும் பாடம் கற்கிறது. எதைச் சொல்லிக் கொடுக்கிறோமோ அதைக் கற்கிறது.

9/
இங்கே தான் கதவு மெல்லத் திறக்கிறது.

ஜெர்மனியில் அன்டன் வெர்னிக், கனடாவில் பார்போ, அமெரிக்காவில் எட்ஜர்டனின் சக ஆராய்ச்சியாளர்கள் எல்லோரும் மனிதர்களைக் கச்சையில் தொங்கவிட்டு, உடல் எடையைக் குறைத்து, ட்ரெட்மில்லில் நடக்க வைக்க ஆரம்பித்தார்கள். சிலருக்கு நல்ல முன்னேற்றம். ஊடகங்களில் பெரிய பரபரப்பு.

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஊருக்கு ஊர் "ட்ரெட்மில் சிகிச்சை மையம்" முளைத்திருக்கும்.

ஆனால் ப்ரூஸ் டாப்கின் என்ற நரம்பியல் மருத்துவர் தலைமையில், விஞ்ஞானிகளும் மருத்துவர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் சேர்ந்து முறையான சோதனை நடத்தினார்கள். 146 நோயாளிகள், காயமாகி 8 வாரத்துக்குள் சேர்க்கப்பட்டவர்கள். பாதிப் பேருக்குக் கச்சை கட்டிய ட்ரெட்மில் பயிற்சி. மீதிப் பேருக்கு அதே அளவு நேரம் சாதாரணத் தரையில் பயிற்சி.

2006இல் முடிவு வெளியானது. ஓரளவு நரம்புத் தொடர்பு மிச்சமிருந்தவர்களில் இரண்டு குழுவுமே நன்றாக முன்னேறியது. ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

10/
"அப்போ இத்தனை வருட உழைப்பு வீணா?" என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை.

மெஷின் முக்கியமில்லை, தீவிரமான பயிற்சி தான் முக்கியம் என்று தெரிந்தது. நம்ம ஊர் அரசு மருத்துவமனைக்கு இதைவிட நல்ல செய்தி உண்டா? விலை உயர்ந்த இயந்திரம் இல்லாவிட்டாலும், இரும்புக் கம்பிகளுக்கு நடுவே பிடித்து நிற்க வைக்கும் பிசியோதெரபிஸ்ட் செய்வது வீணில்லை என்று அந்தச் சோதனை சொல்லிவிட்டது.

தன் சொந்தக் கருத்து தோற்றாலும் பரவாயில்லை என்று சோதித்துப் பார்க்கும் நேர்மை இருக்கிறதே, அதை நினைவில் வையுங்க. கடைசியில் தேவைப்படும்.

11/
இதற்கு நேர்மாறாக நடந்த கதையும் உண்டு. மெத்தில்ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி.

விலங்குகளில் காயத்தின் வீக்கத்தையும் சிதைவையும் குறைத்தது. 1990இல் அமெரிக்காவில் 487 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு வந்தது. மொத்தமாகப் பார்த்தால் பெரிய பலன் இல்லை. ஆனால் 8 மணி நேரத்துக்குள் ஊசி போட்டவர்களை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது சிறிய பலன் தெரிந்தது.

அது போதுமானதாக இருந்தது. உலகம் முழுக்க அவசரப் பிரிவுகளில் அது வழக்கமாகிவிட்டது. வேறு எதுவுமே இல்லாத நோய்க்கு ஏதோ ஒன்று கிடைத்ததே என்ற தவிப்பு. "போடாவிட்டால் கேஸ் போட்டுடுவாங்களோ" என்ற பயம் வேறு.

பிறகு ஆதாரத்தை நிதானமாக அலசினால், தொற்று, குடல் ரத்தப்போக்கு போன்ற ஆபத்துகள் கண்ணில்பட்டன. 2013இல் அமெரிக்க நரம்பு அறுவை சிகிச்சை அமைப்புகளின் வழிகாட்டி இதைப் பரிந்துரைக்கவில்லை என்று சொன்னது. 2017இல் வந்த இன்னொரு சர்வதேச வழிகாட்டி, 8 மணி நேரத்துக்குள் 24 மணி நேர ஊசியை ஒரு வாய்ப்பாக மட்டும் யோசிக்கலாம் என்றது. விவாதம் இன்னும் ஓயவில்லை.

ஆய்வகத்திலிருந்து வார்டுக்குப் போகும் கதவைத் திறந்தால் மட்டும் போதாது. வார்டிலிருந்து ஆய்வகத்துக்குத் திரும்பி வரும் கதவும் திறந்திருக்கணும்.

12/
சரி, மேளக்காரருக்கு வருவோம். மனிதனின் முதுகுக்குள் அவர் இருக்கிறாரா?

நரம்பியல் மருத்துவர்களிடம் ஏற்கெனவே ஒரு கருவி இருந்தது. தண்டுவடத்தின் மேலுறைக்கு வெளியே சின்ன எலக்ட்ரோடு வைத்து லேசான மின்சாரம் கொடுப்பது. வலிக்கும், தசை இறுக்கத்துக்கும் பயன்பட்டது.

மிலன் டிமிட்ரியேவிச் என்ற மருத்துவரும் அவர் குழுவும் 1998இல் ஒன்றை வெளியிட்டார்கள். கால் முழுவதும் செயலிழந்தவர்கள் படுத்திருக்கும்போது, இடுப்புப் பகுதித் தண்டுவடத்துக்கு மின்தூண்டல் கொடுத்தால், கால் தசைகள் நடப்பதுபோல் தாளத்தோடு இயங்கின.

கிரஹாம் பிரவுனின் பூனைக்குப் பிறகு 87 வருடம். மேளக்காரர் மனிதனுக்குள்ளும் இருக்கிறார் என்பதற்கு வலுவான ஆதாரம் கிடைத்துவிட்டது.

13/
எட்ஜர்டனின் ஆய்வகத்தில் பயிற்சி பெற்ற சூசன் ஹார்க்கெமா என்ற விஞ்ஞானி லூயிவில் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே ஜொனாதன் ஹோட்ஸ் என்ற நரம்பு அறுவை சிகிச்சை நிபுணர் கூட்டு சேர்ந்தார். விஞ்ஞானியால் முதுகைத் திறக்க முடியாது. எலக்ட்ரோடை வைத்தபின் எந்த மின்னழுத்தம், எந்த வேகம், என்ன பயிற்சி என்பதை வருடக்கணக்கில் தேடுவது அறுவை சிகிச்சை நிபுணரின் வேலை இல்லை. இரண்டு பேரும் வேணும்.

மூன்றாவதாக வந்தவர் ராப் சம்மர்ஸ். கல்லூரி பேஸ்பால் வீரர். 2006இல் கார் மோதி மார்புக்குக் கீழே செயலிழந்தவர்.

உடனே ஆபரேஷன் செய்துவிடவில்லை. முதலில் 26 மாதங்களில் 170 முறை நடைப் பயிற்சி. ஏன் தெரியுமா? "பயிற்சியாலேயே குணமாகியிருப்பான்" என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது. பயிற்சி மட்டும் அவரை நிற்க வைக்கவில்லை என்று உறுதியான பிறகு, 2009 டிசம்பரில் 16 முனை கொண்ட எலக்ட்ரோடைப் பொருத்தினார்கள். வலிக்காக ஏற்கெனவே சந்தையில் இருந்த அதே கருவி தான்.

14/
கருவி ஓடும்போது, தன் முழு எடையையும் தாங்கி 4.25 நிமிடம் நின்றார். சமநிலைக்கு மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

ஆனால் யாரும் எதிர்பார்க்காதது ஏழு மாதம் கழித்து நடந்தது. கருவி ஓடும்போது, காலை அசை என்று நினைத்தால் கால் அசைந்தது! மூளையின் கட்டளை, செத்துவிட்டதாக எல்லோரும் நினைத்த பாதை வழியாகக் கீழே இறங்கியிருக்கிறது.

2011 மே மாதம் லான்செட் இதழில் இது வந்தது. ஒரே ஒருவர் தானே என்று சந்தேகம் வரணும். வந்தது. 2014இல் மேலும் மூன்று பேரைச் சேர்த்து வெளியிட்டார்கள். நான்கு பேரிடமும் இதே பலன் தெரிந்தது.

"முழுமையான செயலிழப்பு" என்று நாங்கள் கேஸ் ஷீட்டில் எழுதுபவர்களில் சிலருக்கு, நம் சோதனைக்குத் தெரியாத மெல்லிய நரம்புத் தொடர்பு மிச்சம் இருக்கிறது. அதுவரை பாடப்புத்தகம் சொல்லாத விஷயம் இது.

15/
அடுத்த ஜோடி சுவிட்சர்லாந்தில். கிரிகோயர் கூர்த்தீன் நரம்பியல் விஞ்ஞானி. எட்ஜர்டனிடம் பயின்றவர் தான் இவரும். ஜோசலின் பிளாக் லோசான் பல்கலைக்கழக மருத்துவமனையின் நரம்பு அறுவை சிகிச்சை நிபுணர். பார்க்கின்சன் நோயாளிகளின் மூளைக்குள் எலக்ட்ரோடு வைப்பதில் அனுபவசாலி.

2012இல் கூர்த்தீன் குழு, செயலிழந்த எலிகளை மின்தூண்டல், மருந்து, ரோபோ தாங்கி மூன்றையும் வைத்து தன் விருப்பப்படி நடக்க வைத்தது. உலகமே கைதட்டியது.

மனிதனிடம் அதே மாதிரித் தொடர்ச்சியான மின்சாரம் கொடுத்தால் எலி அளவுக்குப் பலன் இல்லை. அதுமட்டுமில்லை, மின்சாரம் ஓடும்போது நோயாளிகளுக்குத் தங்கள் கால் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போனது.

16/
பலர் இங்கே கைகழுவியிருப்பார்கள். இவர்கள் நோயாளி சொன்னதை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குத் திரும்பினார்கள்.

காரணம் கிடைத்தது. காலிலிருந்து "நான் இந்த நிலையில் இருக்கிறேன்" என்று மேலே வரும் நரம்புத் தகவலை, நாம் கொடுக்கும் மின்சாரம் வழியிலேயே மோதி அழித்துவிடுகிறது. எலிக்கு நரம்பு குட்டை. மனிதனுக்கு நீளம். அதனால் வழியில் மோதும் வாய்ப்பும் அதிகம்.

தீர்வு? எல்லா நேரமும் கொடுக்காதே. எந்தத் தசை எப்போது இயங்கணுமோ, அந்த இடத்துக்கு, அந்த நொடியில் மட்டும் கொடு.

2018இல் மூன்று நோயாளிகள், காயமாகிப் பல வருடம் ஆனவர்கள், எடையைத் தாங்கும் கச்சையின் உதவியோடு ஒரு வாரத்துக்குள் நடந்தார்கள். சில மாதப் பயிற்சிக்குப் பின், கருவியை அணைத்தாலும் முன்பு செயலிழந்திருந்த சில தசைகளை அசைக்க முடிந்தது.

2022இல் கால், உடற்பகுதித் தசைகளுக்கென்றே வடிவமைத்த புது எலக்ட்ரோடு. 2023இல் இன்னொரு படி. ஓஸ்காம் என்ற டச்சுக்காரரின் மண்டையோட்டில் பொருத்திய கருவி மூளையின் எண்ணத்தைப் படித்து, கம்பியில்லாமல் தண்டுவடக் கருவிக்கு அனுப்பியது. அவர் நினைத்தபோது கால் எடுத்து வைத்தார்.

17/
இதுவரை டாக்டர், விஞ்ஞானி என்று இரண்டு நாற்காலி பற்றிப் பேசினேன். மூன்றாவது நாற்காலி ஒன்று உண்டு. அதைப் போட மறந்ததால் வீணான வருடங்கள் அதிகம்.

கிம் ஆண்டர்சன் ஒரு விஞ்ஞானி. பதின்ம வயதில் கார் விபத்தில் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டு வீல்சேரில் இருப்பவர். 2004இல் அவர் 681 தண்டுவடக் காய நோயாளிகளிடம் எளிய கேள்வி ஒன்றைக் கேட்டார். "எது திரும்பக் கிடைத்தால் உங்கள் வாழ்க்கை மேம்படும்?"

நாம் என்ன பதிலை எதிர்பார்ப்போம்? நடை. அப்படித்தானே?

கழுத்தில் அடிபட்டவர்கள் அதிகம் பேர் முதலிடம் கொடுத்தது கை, விரல் செயல்பாட்டுக்கு. முதுகில் அடிபட்டவர்கள் அதிகம் பேர் முதலிடம் கொடுத்தது பாலியல் செயல்பாட்டுக்கு. சிறுநீர், மலக் கட்டுப்பாடும் இரண்டு குழுவுக்கும் மிக முக்கியமாக இருந்தது.

தானே சாப்பிடணும். தானே கழிவறைக் காரியத்தைப் பார்த்துக்கணும். கணவன் மனைவியாக வாழணும். நாம் "நடப்பானா டாக்டர்?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது, கட்டிலில் இருப்பவரின் மனசில் ஓடுவது இது. அதை அவரிடமே கேட்க ஒரு ஆய்வு தேவைப்பட்டது.

18/
அதன்பின் ஆராய்ச்சியின் திசையும் விரிந்தது. உட்கார வைத்தாலே ரத்த அழுத்தம் சரிந்து மயங்கும் நோயாளிகளுக்கு, மின்தூண்டல் மூலம் அழுத்தத்தைச் சீராக்கும் ஆய்வு 2021இல் வந்தது.

2024இல் ஒரு முக்கியமான சோதனை முடிவு வெளியானது. கை செயலிழந்த 60 பேர். சிலருக்குக் காயமாகி 30 வருடத்துக்கும் மேல். முதல் இரண்டு மாதம் வெறும் பயிற்சி. அடுத்த இரண்டு மாதம் கழுத்துத் தோல் மேல் எலக்ட்ரோடு ஒட்டி மின்தூண்டலோடு பயிற்சி. ஆபரேஷன் கிடையாது. 72 சதவீதம் பேருக்குக் கையின் வலுவிலும் செயல்பாட்டிலும் முன்னேற்றம். அந்த டிசம்பரில் அமெரிக்க எஃப்டிஏ அந்தக் கருவிக்கு அனுமதி கொடுத்தது.

பிடி வலுத்தால் ஸ்பூனைப் பிடிக்கலாம். போனைப் பிடிக்கலாம். தன் கையால் சட்டைப் பொத்தானைப் போடலாம்.

19/
மூன்றாவது நாற்காலிக்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒருவர் இருந்தார். டாக்டர் மேரி வர்கீஸ்.

வேலூர் சிஎம்சியில் இளம் மருத்துவர். 1954இல் வாகன விபத்தில் இரண்டு காலும் செயலிழந்தன. அங்கே இருந்த அறுவை சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைப்பதில் உலகப் புகழ் பெற்றவர். அவருடைய ஊக்கத்தில், வீல்சேரில் உட்கார்ந்தபடியே கை அறுவை சிகிச்சை செய்யக் கற்றார் மேரி. பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்தார். 1963இல் சிஎம்சியில் அந்தத் துறைக்குத் தலைவர். 1966இல் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம்.

நோயாளிக்கு என்ன தேவை என்று அவர் யாரிடமும் போய்க் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவருக்கே தெரியும்.

20/
இப்போது கசப்பான ஒன்று. சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் 1995இல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அவர் பெயரிலான அறக்கட்டளை மேலே சொன்ன ஆராய்ச்சிகள் பலவற்றுக்குப் பணம் கொடுத்தது. உலகின் தலைசிறந்த மருத்துவர்கள் அவருக்கு ஒரு போன் தூரத்தில் இருந்தார்கள்.

2004இல், 52 வயதில் இறந்தார். அப்போது அவர் படுக்கைப் புண்ணிலிருந்து வந்த தொற்றுக்குச் சிகிச்சையில் இருந்தார்.

சூப்பர்மேனையே விடவில்லை படுக்கைப் புண். 1944இல் குட்மன் சொன்ன இரண்டு மணி நேரக் கணக்கு இன்றைக்கும் எந்த மெஷினுக்கும் குறைந்தது இல்லை. வீட்டில் நோயாளியை வைத்திருப்பவர்கள் இந்த வரியை எழுதிச் சுவரில் ஒட்டுங்க.

21/
இப்போது முதல் கேள்விக்கு வருவோம். "நிலத்தை வித்து ஊசி போடலாமா சார்?"

வேண்டாம்.

தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல் ஊசி இன்றைக்கு நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. ஆராய்ச்சி நடக்கிறது, நடக்கணும். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு தேசிய வழிகாட்டியும் இதைத் தான் சொல்கிறது. சில ரத்த நோய்களுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவை தவிர மற்ற ஸ்டெம் செல் பயன்பாடு எல்லாம் முறையான ஆராய்ச்சிக்குள் மட்டுமே நடக்கணும். ஆராய்ச்சியில் பங்கேற்கும் நோயாளியிடம் அதற்குக் காசு வாங்கக் கூடாது.

22/
யாராவது "புது சிகிச்சை" என்று வந்தால், இந்தக் கதையை மனசில் வைத்து ஐந்து கேள்வி கேளுங்க.

ஒன்று, இது இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சிடிஆர்ஐயில் பதிவாகியிருக்கிறதா? பதிவு எண் என்ன?
இரண்டு, என்னிடம் ஏன் பணம் கேட்கிறீர்கள்?
மூன்று, ஊசி இல்லாமல் பயிற்சி மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா? (சம்மர்ஸின் 170 பயிற்சிகளை நினைச்சுக்கோங்க.)
நான்கு, பலன் கிடைக்காதவர்கள் எத்தனை பேர்? அந்தக் கணக்கை எங்கே வெளியிட்டிருக்கிறீர்கள்?
ஐந்து, ஊசிக்குப் பிறகு எத்தனை வருடம் என்னைப் பின்தொடர்ந்து பார்ப்பீர்கள்?

உண்மையான ஆராய்ச்சியாளர் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார். கோபப்பட்டால் எழுந்து வந்துடுங்க.

23/
அந்தப் பணத்தை என்ன செய்யலாம்? நல்ல காற்று மெத்தை, அளவெடுத்த வீல்சேர், கழிவறைக்குச் சாய்தளம், தினசரி பிசியோதெரபி, சிறுநீர்க் குழாயைச் சுத்தமாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்வது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்க, உதவிகளைக் கேட்டு வாங்குங்க. வாங்குவதில் எந்தக் கூச்சமும் வேண்டாம்.

இன்னொன்று. விபத்தில் விழுந்தவரைக் கையைக் காலைப் பிடித்துத் தூக்காதீங்க. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்காதீங்க. 108ஐக் கூப்பிடுங்க. தீ, தண்ணீர் போல உடனடி ஆபத்து இல்லையென்றால், கழுத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு அங்கேயே காத்திருங்க. பாதி அடிபட்ட தண்டுவடம் நாம் தூக்கும் விதத்தில் முழுசாகப் போய்விடலாம். அந்தப் பாதியில் தான் மேலே சொன்ன முன்னேற்றங்களுக்கெல்லாம் அதிக வாய்ப்பு இருக்கிறது.

24/
மேலே சொன்ன கருவிகள் நம்ம ஊருக்கு எப்போது வரும், என்ன விலையில் வரும் என்று கேட்பீர்கள். வர வேண்டுமென்றால், நம் மருத்துவக் கல்லூரி வார்டுகளும், நம் பொறியியல் ஆய்வகங்களும், வீல்சேரில் இருக்கும் நம் மக்களும் ஒரே மேசையில் உட்காரணும். நோயாளிகளுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. படித்த இளைஞர்களுக்கும் பஞ்சமில்லை. இந்த இழையைப் படிக்கும் பொறியியல் மாணவர்கள் யாராவது இருந்தால், உங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் ஒரு நாள் காலையில் அனுமதி கேட்டு உட்கார்ந்து பாருங்க. உங்கள் புராஜெக்டுக்கான கேள்வி அங்கே காத்திருக்கு.

வீட்டில் தண்டுவடக் காய நோயாளி இருப்பவர்களுக்கு இதை அனுப்புங்க. சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்க, டூட்டி முடிந்ததும் பதில் சொல்கிறேன்.